அழியாத லிப்ஸ்டிக்கும் 17-ஆவது மணி நேரமும்

பெட்டியின் மேல் 16 மணி நேரம் என்று அச்சடித்திருக்கும். சில பெட்டிகளில் 24. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடையின் அழகுப்பொருள் பகுதியில் நான் வேலை செய்கிறேன். அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறோம், அந்த எண்ணைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ரொம்ப நாளாகவே எனக்கு அந்த எண் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பொய் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம், பேசலாம், வியர்க்கலாம், நல்ல தயாரிப்பாக இருந்தால் சாயம் உதட்டில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் 17-ஆவது மணி நேரத்தில் என்ன செய்வது என்று பெட்டியின் முன்பக்கத்தில் எங்கும் இல்லை. ராத்திரி குளியலறையில் ஒரு பெண் ஈரத்துணியால் உதட்டைத் தேய்த்துத் தேய்த்து, போகாத மிச்சத்தை நகத்தால் உரிக்கிறாளே, அந்த நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

எங்கள் ஊரில் இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) சீவியிருப்பார், அம்மா செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டிருப்பார், மகள் ஈப்போவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்பாள். இருட்டோடு கிளம்பி 30 கிலோமீட்டர் போய்ச் சேர வேண்டும். காரிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு தடவை பூசுவதுதான். அதற்கப்புறம் ஷிஃப்ட் முடியும்வரை கண்ணாடி பார்க்க நேரம் கிடைக்காது. பேரங்காடியில் கல்லாவில் இருப்பவர், கிளினிக்கில் பெயர் பதிகிறவர், வங்கியில் முன் கவுன்ட்டரில் நிற்பவர், எல்லாருக்கும் இதே கதைதான். மின்னணுத் தொழிற்சாலையில் தூசி நுழையாத கிளீன்ரூமுக்குள் வேலை செய்யும் பெண்கள் முகத்தில் எதையும் பூசிக்கொண்டு போக முடியாது. ஒரு துகள் உதிர்ந்தாலும் சில்லு கெட்டுவிடும். அவர்கள் கல்யாணம், கோயில் திருவிழா என்று காத்திருந்து வாங்குவார்கள். ஆக, அழியாத லிப்ஸ்டிக்கை மினுக்குகிறவர்களின் சாமான் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. முகத்தைப் பளிச்சென்று வைத்துக்கொள் என்று வேலை இடம் கேட்கிறது. அப்படி வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் கேள்வி கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் தன் சம்பளத்தில் வாங்குகிற பொருள் இது. அதைப் பற்றி அவளுக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.

சாயம் எப்படி நிற்கிறது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மரம் சீவுகிறவர்களின் முழங்கையில் பால் சிந்திக் காயும். காய்ந்ததும் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் போகாது, உரித்தால் ரோமத்தோடு வரும். இன்றைய அழியாத லிக்விட் லிப்ஸ்டிக் செய்வதும் ஏறக்குறைய அதுதான். குழம்பாக இருக்கும்போது அதில் ஐசோடோடெக்கேன் என்ற, சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் இருக்கிறது. பூசிய சில நிமிடங்களில் அது பறந்துவிடும். அதில் கரைந்திருந்த சிலிக்கோன் பிசின், ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் என்று பெட்டியின் பின்பக்கம் நீளமாக எழுதியிருக்குமே அதுதான், நிறத்துகள்களைப் பிடித்துக்கொண்டு உதட்டின் மேல் ஒரு படலமாகத் தங்கிவிடும். கோப்பையில் ஒட்டாதது, எச்சில் பட்டால் கரையாதது, எல்லாம் அந்தப் படலத்தின் வேலை.

முன்பெல்லாம் வழி வேறாக இருந்தது. அமெரிக்காவில் ஹேசல் பிஷப் என்ற வேதியியலாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எரிபொருள் ஆராய்ச்சியில் இருந்தவர், வீட்டுச் சமையலறையில் பல கலவைகளைச் சோதித்துப் பார்த்து 1950-இல் அழியாத லிப்ஸ்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் புரோமோ அமிலங்கள் என்ற சாயங்கள் இருந்தன. அவை உதட்டின் மேல் உட்காராமல் தோலிலேயே ஏறிக் கறையாகும். அந்த வகைச் சாயம் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். ஆனால் உதட்டை வறட்டும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். அதை உறுத்தாமல் பூசும்படி செய்ததில்தான் அவருடைய திறமை இருந்தது. 1990-களில் சிலிக்கோன் வந்து கதையை மாற்றியது. 2000-இல் மேக்ஸ் ஃபேக்டர் லிப்ஃபினிட்டி இரண்டு படியாக வந்தது: முதலில் நிறம், அது காய்ந்ததும் மேலே ஈரப்பசைக்கு ஒரு பூச்சு. இன்றைக்குக் கடையில் இருப்பவை அநேகமாக இந்த இரண்டு குடும்பத்துக்குள் வந்துவிடும். ஒன்று தோலில் ஏறும் கறை, டின்ட் என்று கேட்பார்களே அது. இன்னொன்று மேலே நிற்கும் படலம்.

படலத்துக்கு ஒரு எதிரி உண்டு, எண்ணெய். நம் சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. தண்ணீர், காப்பி, மைலோ எதற்கும் அசையாத சாயம் வாழையிலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வடையும் வந்ததும் உள்உதட்டிலிருந்து விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். நாசி லெமாக்கின் சம்பாலும் அப்படித்தான். நடுவில் போய்விட்டு ஓரம் மட்டும் கோடாக நிற்கும். அதன் மேலேயே திரும்பப் பூசினால் கட்டிகட்டியாகத் திரளும். அதனால் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பூசுவதற்கு முன் உதடு காய்ந்திருக்க வேண்டும். லிப் பாம் போட்டிருந்தால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், அதிலும் எண்ணெய்தானே. ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். காய்கிறவரை உதட்டோடு உதட்டை ஒட்டக்கூடாது. கல்யாண விருந்து என்றால் சாப்பிட்ட பிறகு நடுவில் இருக்கும் மிச்சத்தை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. நம்மில் நிறைய பேருக்கு மேலுதடு கருத்தும் கீழுதடு கொஞ்சம் சிவந்தும் இருக்கும். பிறவியிலேயே அப்படித்தான், நோய் ஒன்றும் இல்லை. வெளிர்நிறங்கள் பெரும்பாலும் இதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. நம் உதட்டில் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். செங்கல் நிறம், கருஞ்சிவப்பு, நாவல்பழ நிறம் எல்லாம் நன்றாக உட்காரும். கீழுதட்டில் பூசிப் பார்த்துப் பிடித்த நிறத்தை மேலுதட்டிலும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மருந்தடித்த கை கேட்ட கேள்வி

ஒரு நாள் மதியம் ஒரு அக்கா மகளோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மகள் தனக்கு வேண்டியதை எல்லாம் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அம்மாவுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றாள். மணவறையில் நிற்க வேண்டும், வருகிறவர்களை எல்லாம் வரவேற்க வேண்டும், கண்டிப்பாக அழுவார், சாயம் வழியக்கூடாது. அந்த அக்கா அதுவரை லிப்ஸ்டிக் போட்டதே இல்லையாம். கூச்சப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். சுத்தமான குச்சியில் எடுத்து ஒரு செங்கல் நிறத்தைப் பூசிவிட்டேன். கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். புறங்கையால் ஒற்றிப் பார்த்தார், ஒட்டவில்லை. நாக்கால் தொட்டுப் பார்த்தார், கரையவில்லை. மகளுக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லாத்தான் இருக்கு. சரி, இது எதுலம்மா போகும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போகாதும்மா, அதுக்குத்தானே இது" என்றாள் மகள்.

"போகாம எப்படி? ராத்திரி தூங்கணும்ல? மேல படுற சாமான் எதுவா இருந்தாலும் எதுல போகும்னு முதல்ல தெரியணும்."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை, களைக்கொல்லி. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். "புதுசா ஒரு பிள்ள வேலைக்கு வந்தா எப்படி அடிக்கணும்னு நாங்க மொதல்ல சொல்லித் தரமாட்டோம். அது தானா வந்துரும். தண்ணி எங்க இருக்கு, சவுக்காரம் எங்க இருக்கு, மேல பட்டா எவ்வளவு நேரம் கழுவணும், அதைத்தான் மொதல்ல காட்டுவோம். எங்களுக்கு அதைக் காட்ட ஆள் இல்ல." கையை நீட்டினார். விரல் நகங்கள் சில வெளுத்து, குறுக்கே கோடு விழுந்து, வளைந்து வளர்ந்திருந்தன. பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த கைகளில் நகம் இப்படிக் கெடுவதைத் தோட்டத்துக்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மலேசியாவில் அதைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அதற்குள் எத்தனை பெண்களின் கை அந்த டாங்கியைத் தூக்கியிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லிப்ஸ்டிக்கையும் களைக்கொல்லியையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, அந்த அக்காவும் வைக்கவில்லை. விஷமா என்று அவர் கேட்கவே இல்லை. எதில் போகும் என்றுதான் கேட்டார். உடம்பின் மேல் ஒரு பொருளை ஏற்றுகிறவர்கள் அதை இறக்கும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் வேலையில் கற்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கு எங்கள் தொழிலில் இல்லை. பயிற்சிக்கு அழைத்துப் போனால் எத்தனை மணி நேரம், எத்தனை நிறம், முகக்கவசத்தில் ஒட்டாது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். சாயம் நீக்கும் பொருள் வேறு அலமாரியில், தனி விலையில், லிப்ஸ்டிக்கோடு சம்பந்தமே இல்லாததுபோல உட்கார்ந்திருக்கிறது. என் மனத்தில் கலங்கலாகக் கிடந்த சங்கடத்தை அவர் ஒரே கேள்வியில் நேராக்கிவிட்டார். அன்று அங்கேயே பஞ்சில் எண்ணெய் எடுத்து, அவர் உதட்டில் போட்டதை எப்படி எடுப்பது என்று காட்டினேன். போட்டதைவிட அதைத்தான் அவர் கவனமாகப் பார்த்தார். மகளும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

எடுக்கிற விதம் ரொம்ப எளிது. படலத்தை உடைப்பது எண்ணெய் என்றால், எடுக்க வேண்டியதும் எண்ணெயால்தான். இதற்கென்றே விற்கும் எண்ணெய் நீக்கிகள் இருக்கின்றன. இல்லையென்றால் வீட்டில் தலைக்குத் தடவும் சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். தாராளமாக எடுத்து உதட்டில் வைத்து, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. படலம் இளகி நெகிழ்ந்ததும் மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை எண்ணெய். கடைசியில் மிதமான சோப்பில் கழுவிவிட்டு வாசனை சேர்க்காத பாம் ஏதாவது போட்டுக்கொள்ளலாம். நகம் வேண்டாம், பல் துலக்கும் பிரஷ் வேண்டாம், சர்க்கரையைப் போட்டுத் தேய்ப்பதும் தினம் வேண்டாம். உதட்டின் தோல் முகத்தின் மற்ற தோலைவிட மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் அநேகமாகக் கிடையாது. தன்னைத் தானே ஈரமாக வைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

தேய்ப்பதால் வருவது தோல் உரிவது மட்டும் இல்லை. நம்மைப் போன்ற நிறமுள்ள தோல் புண்பட்டு ஆறும்போது கருமை விட்டுவிட்டுப் போகும். தினமும் உரித்தால் உதடு தினமும் புண்படுகிறது, மாதங்கள் போகப் போகக் கருக்கிறது. சாயத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் போனாலும் இதே கருமை வரும். அப்போது அந்தப் பெண் என்ன செய்கிறாள்? கருத்த உதட்டை மறைக்க இன்னும் அழுத்தமான, இன்னும் கெட்டியாக நிற்கும் ஒன்றைக் கேட்டுக் கடைக்கு வருகிறாள். அதை எடுக்க இன்னும் பலமாகத் தேய்க்கிறாள். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இந்தச் சுழலைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு வலிக்கிறது. அப்படி வருகிறவர்களிடம் அழுத்தமான நிறத்தை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. ரெண்டு வாரம் ஒன்றும் போடாமல் இருந்து பாருங்கள், எரிச்சலோ வெடிப்போ நிற்கவில்லை என்றால் கிளினிக்கில் காட்டுங்கள் என்று சொல்கிறேன்.

பழைய லயத்து வீடுகளின் வாசலில் அழியாத சிவப்பு உதட்டோடு உட்கார்ந்திருந்த பாட்டிகளை நினைத்துக்கொள்கிறேன். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வாயில் சிவக்கும். பாக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் மாறித்தான் அந்த நிறம் வருகிறது. அதை இறக்கவே வழி இல்லை, பல்லிலும் ஈறிலும் நாள்பட ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. இந்நாட்டில் வாய்ப்புற்று நம் இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்பட்டதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று சிலர் கேட்பார்கள். கேட்பதும் கேட்காததும் அவர்கள் முடிவு, சொல்ல வேண்டியது கடமை இல்லையா?

பெட்டியின் பின்பக்கம்

எடுப்பதற்கு எண்ணெய் தேவைப்படுவதுபோல, வாங்குவதற்குக் கண் தேவை. மலேசியாவில் முறையாக விற்கும் ஒவ்வொரு அழகுப்பொருளுக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கை எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் நாட் (NOT) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கிக் கே (K) என்ற எழுத்தில் முடியும். முகமையின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பதால் அரசாங்கம் ஒவ்வொரு குப்பியையும் சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அர்த்தம். ஆசியான் விதிப்படி ஈயம் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு) மேல் போகக்கூடாது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் பெயரே இல்லாத குப்பியில் இது எதையும் கேட்க ஆள் இல்லை, அடுத்த வாரம் அந்தக் கடையே இருக்குமா தெரியாது.

இன்னொன்று விரதக்காரர்களுக்கு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கும் வீடுகளில் மரக்கறிச் சமையல்தான். பாத்திரம்கூடத் தனி. அந்த வீட்டுப் பெண்கள் பூசும் சிவப்பில் கார்மைன் இருக்கலாம். கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் நிறம் அது, பட்டியலில் சி.ஐ. 75470 என்று போட்டிருக்கும். உதட்டில் போட்டது கொஞ்சமாவது வாய்க்குள் போகும் என்பதால் சிலருக்கு இது முக்கியம். கேட்காமலே சொல்லிவிடுவேன். சிலர் பரவாயில்லை என்பார்கள், சிலர் பதறிப்போய் வைத்துவிடுவார்கள்.

இப்போது லிக்விட் லிப்ஸ்டிக் இருக்கும் தட்டிலேயே எண்ணெய் நீக்கியையும் வைக்கும்படி முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். தீபாவளி விற்பனை வரை பார்ப்போம் என்றிருக்கிறார். பில் போடும்போது ரெண்டு நிமிடம் பேசுவதால் வரிசை நீள்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் குறைப்படுகிறார்கள், அதுவும் நியாயம்தான். எல்லாருக்கும் இது ஒத்துவருவதும் இல்லை. ஈப்போவில் ஹோட்டல் வேலை செய்யும் ஒரு பிள்ளை நேராகவே சொன்னாள்: "அக்கா, நான் வேலை விட்டு வீட்டுக்கு வர்றதே நடுராத்திரி. குளிச்சிட்டுப் படுத்தாப் போதும்னு இருக்கும். யாரு எண்ணெய் வச்சிட்டு நிப்பா?" அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுக்க நேரம் இல்லாதவர்கள் படலம் போடும் வகையை வாங்க வேண்டாம், தானாக மங்கும் டின்ட் வாங்குங்கள் என்றேன். ராத்திரி முழுக்கப் போகாவிட்டாலும் உரிக்க அதில் ஒன்றும் இருக்காது. ஒரு சின்னக் குப்பி எடுத்துப் போனாள். போன வாரம் வந்து, ஷிஃப்ட் பாதியிலேயே மங்கிவிடுகிறது, மேலாளர் முகத்தைப் பார்க்கிறார் என்றாள். சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி இல்லாமலே விரலால் ஒற்றிக்கொள்ளும்படி அவள் உதட்டு நிறத்துக்கு நெருக்கமான ஒன்றைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.